பதினாலு கேரட் தட்டான்

செஞ்சி பஜாரில் பாத்திரக் கடைகளைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் ஒரு சந்து பிரியும். அதில் மூன்றாவது வீடு பச்சமுத்து பத்தருடையது. முன்கட்டில் நகைப் பட்டறை, பின்கட்டில் குடித்தனம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அதைப் பத்தர் சந்து என்றுதான் சொல்வார்கள். ஆனால் 1964-க்குப் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டு வந்த பெண்கள் யாரும் பத்தரைத் தேடவில்லை. "தட்டான்பூச்சிக்காரம்மா வூடு எதுங்க?" என்று கேட்டார்கள். பத்தரே வாசலில் நின்றுகொண்டு, "இதுதான். உள்ள இருக்குது, போங்க" என்று கை காட்டுவார்.

அந்த அம்மாளின் பெயர் சாமுண்டீஸ்வரி.

அவலூர்பேட்டையில் பிறந்தவள். அப்பா வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர். சக்கரத்துக்கு வட்டம் போடுகிற இரும்புக் கவராயம்தான் அவளுடைய முதல் விளையாட்டுச் சாமான். ஒரு கால் நிலையாக நிற்க, இன்னொரு கால் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேருவதைப் பார்க்க அவளுக்கு அலுத்ததே இல்லை. பலகை, சுவர், மாட்டுக் கொட்டகைக் கதவு என்று எங்கே பார்த்தாலும் வட்டம் போட்டு, அதற்குள் ஆறு இதழ், பன்னிரண்டு இதழ் என்று பூ வரைந்து வைப்பாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வரைவது நிற்கவில்லை. பதினெட்டு வயதில் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு கவராயமும் வந்தது. "இது எதுக்குடி புருஷன் வூட்டுக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "அவருக்கும் வட்டம் போடுற வேலைதானே" என்றாளாம்.

பச்சமுத்து பத்தர் கை சுத்தமானவர். அவர் பற்றவைத்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தாலும் ஒட்டு தெரியாது. ஆனால் அவர் செய்தது ஒன்பது மாதிரிகள் மட்டும்தான். அப்பா விட்டுப்போன ஒன்பது பித்தளை அச்சுகள்: மாங்காய், அரசிலை, நெல்மணி, குண்டு, இப்படி. பத்தாவதாக ஓர் உருவம் உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டதில்லை.

சாமுண்டீஸ்வரி மணி கோப்பாள். செய்து முடித்த நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துப் பளபளக்க வைப்பாள். நடுவில் நேரம் கிடைத்தால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைவாள். சீத்தாப்பழத்தின் மேல் தோல் ஒரு அட்டிகையாகும். ராஜகிரி மலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிற பாறைகள் ஒரு ஜிமிக்கியாகும். துணி காயப்போடும் கயிற்றில் மழை விட்டதும் வரிசையாகத் தொங்குகிற துளிகள் ஒரு கழுத்துச் சங்கிலியாகும். வரைந்ததைக் கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் வைப்பாள்.

"நல்லாத்தான் இருக்குது," என்பார் அவர். "யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். தாள்கள் டிரங்குப் பெட்டிக்குள் போகும். பதினைந்து வருஷத்தில் பெட்டி மூட முடியாதபடி நிறைந்துவிட்டது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கவில்லை. பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மூடிவிட்டு, அடுத்த காலண்டரைக் கிழித்தாள்.

அப்படி இருக்கும்போது 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது.

பஜார் முனையில் ரேடியோ, டார்ச் லைட், கரண்ட் இஸ்திரிப் பெட்டி எல்லாம் ரிப்பேர் செய்கிற ராமகிருஷ்ணன் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடை ரேடியோவில்தான் பத்தர் செய்தியைக் கேட்டார். இனிமேல் புதிதாகச் செய்கிற எந்த நகையும் பதினாலு கேரட்டைத் தாண்டக் கூடாது. அதுவரை ஊரே இருபத்திரண்டு கேரட்டில்தான் நகை போட்டது. அதாவது இருபத்துநாலு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம். இனி பதினாலு பங்குதான் தங்கம், மீதிப் பத்துப் பங்கும் செம்பும் வெள்ளியும். "அத்தப் போட்டுக்கிறதுக்குப் பித்தளையே போட்டுக்கலாம்" என்று பஜாரில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பத்தர் குறடுகளைத் துடைத்து வரிசையாக வைப்பார், மறுநாள் அதே குறடுகளை எடுத்து மறுபடி துடைப்பார்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. குடும்பம் பத்தரின் தம்பி அனுப்பிய நெல்லிலும், சாமுண்டீஸ்வரி தைத்துக் கொடுத்த ரவிக்கைகளிலும் ஓடியது.

ஆவணியில் ஒரு நாள் காலை, பத்தருக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. பெண்டாட்டியின் உடைந்த கம்மல் ஒன்றை வாங்கி உருக்கி, செம்பும் வெள்ளியும் அளவாகச் சேர்த்து, பதினாலு கேரட் கட்டியாக வார்த்தார். பட்டடையில் வைத்து நாலு தட்டுத் தட்டினார். விளிம்பில் பிளந்துகொண்டது. திரும்பவும் சூடு காட்டி, ஆறவைத்து, தட்டினார். மறுபடியும் பிளந்தது. சரி, கம்பியாகவாவது இழுப்போம் என்று துளைத் தகட்டில் நுழைத்து இழுத்தார். இருபத்திரண்டு கேரட் வெண்ணெய் மாதிரி வரும். இது கழுதை மாதிரி முரண்டு பிடித்தது. காலைத் தகட்டில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முடித்தபோது அவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சீ, இது ஒரு தங்கமா!" என்று கம்பியைத் தூக்கி எறிந்தார்.

கம்பி சுவரில் பட்டது, தரையில் விழுந்தது, விழுந்த வேகத்தில் எழும்பி ஒரு குதி குதித்தது.

உரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரி நிமிர்ந்தாள். "இன்னாங்க, குதிக்குது!"

"குதிக்கட்டும். நானும் கூடவே குதிக்கிறேன்."

அவள் ஓடிவந்து கம்பியை எடுத்தாள். ஒரு முனையைக் குறட்டில் பிடித்துக்கொண்டு மறு முனையை விரலால் தட்டினாள். கம்பி ட்ர்ர்ர் என்று நடுங்கியது, நடுங்கி நடுங்கிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பட்டறை மூலையில் கிடந்த பழைய இருபத்திரண்டு கேரட் கம்பித் துண்டைத் தேடி எடுத்து அதையும் தட்டினாள். அது வளைந்தது, வளைந்தபடியே நின்றுவிட்டது.

"பாருங்க. அது சொன்ன பேச்சக் கேக்குது. இது கேக்க மாட்டேங்குது."

"அதைத்தான் நானும் காலையிலேருந்து சொல்றேன்!"

"கேக்காதத வச்சி இன்னா செய்யலாம்னு பாப்போம்," என்றாள். அந்தக் கம்பியை முந்தானையில் சொருகிக்கொண்டாள். அடுத்த பத்து நாளும் அடுப்படியில், ரேஷன் கடை வரிசையில், தண்ணீர்த் துறையில் என்று எங்கே இருந்தாலும் அதை வெளியே எடுத்து ஒரு தட்டு தட்டி, அது ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'பத்தர் பெண்டாட்டிக்கு இன்னாமோ ஆயிடுச்சி' என்று பக்கத்து வீட்டில் பேச்சு.

புரட்டாசியில் முதல் மழை விழுந்தது. கோட்டை அடிவாரத்துக் குளத்தில் தண்ணீர் நிறைந்து, கரையெல்லாம் புல் முளைத்து, புல்லுக்கு மேலே தட்டான்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்க ஆரம்பித்தன. துணி துவைக்கப் போனவள் துணியை ஊறவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு தட்டான் வந்து ஒரு புல் நுனியில் இறங்கியது. அதன் பாரத்துக்குப் புல் வளைந்தது, நடுங்கியது, நடுங்கி நின்றது. சிறகு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சாமுண்டீஸ்வரி முந்தானையிலிருந்து கம்பியை உருவினாள். புல்லைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற தன் சின்ன மகளிடம் சிலேட்டைக் கடன் வாங்கிக்கொண்டு குளத்துக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். தட்டான் எப்படி உட்காருகிறது, வால் எந்தப் பக்கம் தூக்குகிறது, நாலு சிறகும் ஒன்றாக ஆடுகிறதா தனித்தனியாக ஆடுகிறதா என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

மூன்றாவது நாள் சாயங்காலம் கரையில் ஒரு சத்தம். நாலைந்து பிள்ளைகள் ஒரு தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். குடையும் கையுமாக அந்த வழியே வந்த ஒரு டீச்சர் அவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கால்ல கயிறு கட்டி இழுத்தா ஓடுவியாடா நீ? அவுத்து விடு. ம்... மெதுவா. சிறகைப் பிடிக்காதே."

நூல் அவிழ்ந்து தட்டான் பறந்ததும்தான் அவள் முகம் தெளிந்தது. அப்புறம்தான் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தவளைக் கண்டாள். "நீங்களும் ஒண்ணு பிடிச்சி வச்சிருக்கீங்களா அக்கா?"

"இல்ல டீச்சர். அதுவா வந்து உக்கார்ற வரைக்கும் நானும் உக்காந்திருக்கேன்."

டீச்சர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பெயர் ராஜமதி. வேர்க்கடலை வியாபாரம் செய்கிற ஜினதாஸ் நயினாரின் மகள், சமணக் குடும்பம். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சிலேட்டில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நகையா?" என்று கேட்டாள்.

"ஆவும்னு நெனைக்கிறேன்."

"அக்கா, எனக்கு ஒரு பெரிய தொல்லை. நான் முத்துப் போட மாட்டேன், பவளம் போட மாட்டேன், பட்டுக் கட்ட மாட்டேன். எல்லாம் உயிரைக் கொன்னு எடுக்கிறது. அரக்கும் அப்படித்தான், பூச்சியிலேருந்து வருது. அரக்கு வைக்காம கல்லு பதிச்சிக் குடுங்கன்னா எந்தப் பத்தரும் முடியாதுன்னுட்டாங்க. எங்க நைனா தலையில கை வச்சிக்கினு உக்காந்திருக்கார்."

"இதுக்கு அரக்கே வேணாம். கல்லும் வேணாம்," என்றாள் சாமுண்டீஸ்வரி. "ஆனா டீச்சர், பதினாலு கேரட்லதான் இத்தச் செய்ய முடியும். இருபத்திரண்டு போட்டா இது ஆடாது."

"சட்டமும் அதைத்தானே சொல்லுது!" என்று ராஜமதி கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பத்தர் தலையைச் சொறிந்தார். "தட்டான் வேலை செய்றவன் தட்டான்பூச்சியே செய்யணுமா? பஜாரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சிக்கினே வாங்குவாங்க."

ஜினதாஸ் நயினார் அவ்வளவு லேசில் மசியவில்லை. மகளோடு நேரே பட்டறைக்கே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனக் கீற்று, முகத்தில் கவலை. காலண்டர் தாளில் இருந்த படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா ராஜமதி, ஒரு உயிரைப் புடிச்சிக் காதுல மாட்டிக்கினு நிக்கலாமா? பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

"இது பிடிபடலியே நைனா. புல்லு மேல உக்காந்திருக்குது. எப்ப வேணும்னாலும் பறந்துபோவும்."

நயினார் மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு உடைந்த பழைய வளையலை எடுத்துப் பத்தர் கையில் வைத்து, "பறந்துபோற மாதிரியே செய்யி பத்தரே. செத்துப்போன மாதிரி இருந்தா நான் வாங்கிக்க மாட்டேன்" என்றார்.

வேலை அன்றைக்கே தொடங்கியது. முதல் சந்தோஷம் நிறத்தில் கிடைத்தது. இருபத்திரண்டு கேரட்டுக்கு ஒரே மஞ்சள்தான். பதினாலில் பத்துப் பங்கு வேறு உலோகம் சேருகிறதல்லவா, அந்தப் பத்தில் செம்பைக் கூட்டினால் என்ன, வெள்ளியைக் கூட்டினால் என்ன என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள். பத்தர் மூன்று சின்ன உருக்குக் கிண்ணங்களில் மூன்று விதமாக உருக்கினார். செம்பு கூடியது பவழமல்லிக் காம்பு மாதிரிச் சிவந்தது. வெள்ளி கூடியது லேசான இளம்பச்சையாக வெளுத்தது. இரண்டும் சமமாக இருந்தது நடுவாந்திரமான மஞ்சள்.

"சிவப்பு வாலுக்கு. பச்சை புல்லுக்கு. மஞ்சள் சிறகு நரம்புக்கு," என்றாள் அவள். பத்தர் மூன்று துண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே தங்கத்தில் மூன்று நிறம் இருக்கும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

சிறகுதான் பாடாய்ப் படுத்தியது. தகட்டில் செய்தால் கனம். வெறும் நரம்பாக விட்டால் வலை மாதிரி இருந்தது. கண்ணாடி மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் உடையக் கூடாது. கிணறு வெட்டுகிற இடத்தில் பாறையோடு வெளியே வரும் காக்காப்பொன் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஊர்க் குழந்தைகள் பொறுக்கி விளையாடுமே, பளபளவென்று ஏடு ஏடாகப் பிரியுமே, அதுதான். முந்தானை நிறையப் பொறுக்கி வந்தாள். ஏடு பிரிந்தது, ஆனால் விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. புடவையெல்லாம் மினுமினுத்ததுதான் மிச்சம்.

அந்த மினுமினுப்போடு பஜாருக்கு உப்பு வாங்கப் போனவளை ராமகிருஷ்ணன் கடையிலிருந்தபடியே பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, காக்காப்பொன் கிடங்குல புரண்டீங்களா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். ராமகிருஷ்ணன் ஒரு கெட்டுப்போன கரண்ட் இஸ்திரிப் பெட்டியைத் திருகிப் பிரித்தார். உள்ளே சூடேறும் கம்பி சுற்றியிருந்த தகட்டை எடுத்து நீட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டான காக்காப்பொன், இழுத்தாலும் கிழியாதது.

"மைக்கான்னு நாங்க சொல்றது. நெருப்புக்கே அசையாதுக்கா."

தையல் ஊசியின் நுனியை ஓரத்தில் செருகி அவள் ஏட்டைப் பிரித்தாள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. கடைசியில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக, அந்தப் பக்கம் நின்ற ராமகிருஷ்ணனின் மீசை தெரிகிற மாதிரி ஒரு ஏடு வந்தது. லேசாக வெயிலில் சாய்த்தபோது மயில்கழுத்து நிறம் ஓடியது. உப்பு வாங்காமலே வீட்டுக்கு ஓடினாள்.

பத்தர் அவள் வரைந்த அளவுக்குக் கம்பியை வளைத்துச் சிறகுச் சட்டம் கட்டினார். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவில் ஏடு. ஓரத்தில் எள்ளளவு பற்களை மடித்து ஏட்டைப் பிடிக்க வைத்தார். வாலும் தலையும் தயாராயின. எல்லாவற்றையும் சேர்த்துப் புல் கம்பியின் நுனியில் வைத்து, வெங்காரம் தடவி, ஊதுகுழலால் நெருப்பை ஊதிப் பற்றவைத்தார். அழகான வேலை. ஆறியதும் சாமுண்டீஸ்வரி எடுத்து ஒரு தட்டு தட்டினாள்.

ஆடவில்லை. தட்டான் தலை குனிந்து தொங்கியது.

பற்றவைத்த சூட்டில் கம்பியின் முறுக்கு செத்துவிட்டது. தட்டித் தட்டி இழுத்து ஏறிய விறைப்பு நெருப்புப் பட்டதும் இறங்கிவிடும் என்று பத்தருக்குத் தெரியும். ஆனால் இதுவரை அது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. நாலு தடவை செய்தார்கள். நாலு தடவையும் தட்டான் தொங்கிப் போனது.

"நயினார் சொன்ன மாதிரி செத்துத்தான் போச்சி," என்றார் பத்தர்.

சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுவதற்குப் பதில் சிரிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. இந்தத் தடவை சிரித்துக்கொண்டே ராமகிருஷ்ணன் கடைக்குப் போய் நின்றாள், வேறு யோசனை எதுவும் இல்லாமல். அவர் ஒரு டார்ச் லைட்டின் அடிமூடியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார். மூடிக்குள் ஒரு சுருள் கம்பி. அவள் விரலால் அழுத்தினாள். உள்ளே போய் வெளியே வந்தது.

"இத்த எங்க பத்த வச்சிருக்குது?"

"பத்தவே வைக்கலியே. கடைசிச் சுத்தைத் தகட்டுல மாட்டி நெறுக்கியிருக்குது, அவ்ளோதான்."

அவள் அதை அப்படியே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். புல் நுனியில் ஒரு சின்ன வளையம், தட்டானின் வயிற்றில் ஒரு சின்ன வளையம். அவற்றுக்கெல்லாம் நெருப்பு வேலை முதலில் முடிந்தது. கடைசியாக, நெருப்பே காட்டாமல், தலைமுடி மாதிரிக் கம்பியை ஊசிமேல் ஏழு சுற்றுச் சுற்றி, ஊசியை உருவி, இரண்டு முனையையும் இரண்டு வளையத்தில் மாட்டி நெறுக்கினாள். இந்தக் கடைசி வேலையை அவளேதான் செய்தாள். பத்தரின் விரல் அதற்குத் தடிமன்.

பத்தர் குனிந்து பார்த்தார். அவர் மூச்சுக் காற்று பட்டதும் நாலு சிறகும் படபடவென்று அடித்துக்கொண்டன.

பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். பிறகு மெல்லக் கிட்டே வந்து, வேண்டுமென்றே ஊதினார். படபடத்தது. நெருப்பு ஊதி ஊதிப் பழகிய மனுஷன், அன்று மத்தியானம் முழுக்கத் தட்டானை ஊதிக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிப்போனது. மகள்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தங்களுக்கும் ஒரு ஊது வேண்டும் என்று அப்பாவை இடித்துத் தள்ளினார்கள்.

தையில் கல்யாணம். பொழுது சாய்ந்தால் சமணர்கள் சாப்பிடுவதில்லை, அதற்குள் விருந்து முடிந்துவிட வேண்டும் என்பதால் விடிந்ததுமே பந்தல் நிறைந்துவிட்டது. பத்தரையும் சாமுண்டீஸ்வரியையும் நயினார் முன்வரிசையில் உட்காரவைத்தார். ராஜமதி நூல் கூறைப் புடவையில் வந்தாள். காதில் இளம்பச்சைப் புல் வளைந்து நிற்க, நுனியில் சிவப்புத் தட்டான். அவள் ஒரு அடி வைத்தால் தட்டான் நாலு தடவை சிறகடித்தது. மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. குழந்தைகள் மணமேடை ஓரத்துக்கே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மாப்பிள்ளை ஓமத்தைப் பார்க்காமல் காதைப் பார்க்கிறார் என்று யாரோ கேலி செய்தார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தாள். நீலாஞ்சனா அம்மாள், பெருமண்டூரில் பெரிய குடும்பம். மருமகளின் காதைப் பிடித்து ஆராய்ந்தாள்.

"யாரு செஞ்சது?"

சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றாள். "நாங்கதாம்மா."

"உரைகல் கொண்டு வந்திருக்கீங்களா?"

பத்தர் முகம் வெளுத்தது. அவரிடம் எப்போதும் உரைகல் இருக்கும். எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் தங்கம் பார்க்கத் தெரிந்தவள். கம்மலைக் கழற்றி வாங்கி, பின்பக்கத்தைக் கல்லில் இழுத்து, விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்தாள். நயினார் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இது மட்டமால்ல இருக்குது?"

"மட்டந்தாம்மா. பதினாலு," என்றாள் சாமுண்டீஸ்வரி. "சட்டம் போட்ட அளவு. ஆனா சட்டத்துக்காக மட்டும் இல்லம்மா. இதோ பாருங்க." முந்தானையை அவிழ்த்து இரண்டு கம்பித் துண்டுகளை எடுத்தாள். இருபத்திரண்டு கேரட் துண்டை அந்த அம்மாள் விரலில் கொடுத்து, "தட்டுங்க" என்றாள். தட்டினாள். கம்பி வளைந்து படுத்துவிட்டது. "இப்ப இத்தத் தட்டுங்க." தட்டினாள். கம்பி ட்ர்ர்ர் என்று பாடியது.

நீலாஞ்சனா அம்மாள் மறுபடி தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். அவள் உதட்டோரம் மெல்ல மேலே ஏறியது.

"அப்ப, உசந்த தங்கத்துக்கு உசிரு இல்லன்றே."

"அதுக்கு வேற வேலை இருக்குதும்மா. பறக்கறதுக்கு இதுதான்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பந்தலே சேர்ந்து சிரித்தது. "என் காதுக்கு எது பொருந்தும், சொல்லு. எனக்கு வயசாச்சி, தட்டான் வேணாம். கொஞ்சம் மரியாதையா ஆடணும்."

அன்று சாப்பாட்டுப் பந்தியில் சாமுண்டீஸ்வரியால் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. இந்தப் பக்கம் ஒருத்தி காதைக் காட்டினாள், அந்தப் பக்கம் ஒருத்தி மூக்கைக் காட்டினாள். வாழை இலையின் ஓரத்தில் நகத்தால் கீறிக் கீறி அவள் மாதிரி வரைந்து காட்டினாள்.

டிரங்குப் பெட்டி திறந்தது. துணிக் கயிற்று மழைத்துளிகள் சங்கிலியாகி, ஒவ்வொரு துளியும் தனித்தனியே ஆடியது. நீலாஞ்சனா அம்மாளுக்கு நெற்கதிர் ஒன்று, தலையை அசைத்தால் ஒருமுறை மட்டும் தலைவணங்குகிற மாதிரி. திண்டிவனம், மேல்மலையனூர், விழுப்புரம் என்று பஸ் பிடித்துப் பெண்கள் வந்தார்கள். சாமுண்டீஸ்வரி ஊதுகுழல் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் புருவம் பொசுங்கியது. அதற்கும் சிரித்தாள்.

1966-ல் கட்டுப்பாடு தளர்ந்து, இருபத்திரண்டு கேரட் திரும்பி வந்தது. சந்து முழுக்கப் பத்தர் சர்க்கரை கொடுத்தார். ஒன்பது அச்சையும் புளி போட்டுத் தேய்த்து எடுத்து, ஆசையோடு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மாங்காய் கேட்டு வருகிற கூட்டம் தனி, அவளுக்கு ஆடுகிற நகை கேட்டு வருகிற கூட்டம் தனி. ஒரே பட்டறையில் இரண்டு பட்டடை. "இப்பத்தான் சட்டம் போயிடுச்சே, எனக்கு இருபத்திரண்டுலயே தட்டான் செஞ்சி குடு" என்று அடம்பிடித்தவர்களும் உண்டு. "அது உக்காந்தே இருக்கும்மா, பறக்காது. உக்கார்ற நகை வேணும்னா அவராண்ட கேளுங்க" என்று புருஷனைக் கை காட்டிவிடுவாள்.

அடுத்த வருஷம் பொங்கல் லீவில் ஊருக்கு வந்த ராஜமதி, கைக்குழந்தையோடு பட்டறைக்கும் வந்தாள். "மண்டகப்பட்டுக் குகைக் கோயிலப் பாத்திருக்கீங்களா அக்கா? வாசல்ல நிக்கிறாங்களே ரெண்டு காவக்காரங்க, அவங்க காதப் போய்ப் பாருங்க" என்றாள். பத்தர் தம்பதி இருவரும் சேர்ந்து ஊர் பார்க்கக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. புளிச்சோறு கட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள். இறங்கி வெயிலில் நடந்தார்கள்.

"இந்தக் கோயில ஒரு ராசா, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம, இரும்பு, செம்புன்னு எந்த லோகமும் இல்லாமக் கட்டினான்னு கல்லுலயே எழுதியிருக்குதாம். டீச்சர் சொன்னாங்க," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"லோகம் இல்லாமலா?" பத்தர் நின்றுவிட்டார். "அப்ப அந்த ராசாவும் நம்ம ஆளுங்களுக்கு வேலை குடுக்கல, பாத்தியா!"

அவள் சிரித்த சிரிப்பில் பாறை மேல் இருந்த மைனா பறந்துபோனது.

வாசலில் இரண்டு காவல்காரர்கள் கல்லில் நின்றார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷ மழையும் வெயிலும் பட்டு முகம் மழுங்கியிருந்தது, ஆனால் காது இருந்தது, காதில் நகையும் இருந்தது. சாமுண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. கால் கட்டைவிரலில் நின்றாள். காதின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏறி நிற்க ஒரு கல் கூடக் கிடைக்கவில்லை.

பத்தர் தோள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றார்.

"ஏறு."

"ஐயோ, யாராவது பாத்தா?"

"ஆடு மேய்க்கிற பொம்பள ஒருத்திதான் பாக்குறா. ஏறு, சொல்றேன்."

முப்பத்தேழு வயதில், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சாமுண்டீஸ்வரி புருஷன் முதுகில் ஏறி நின்றாள். இப்போது கல் மனிதனின் காது அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறு கை ஆள்காட்டி விரலால் அந்தக் காதணியின் வளைவை மெல்லத் தடவிக்கொண்டே போனாள். ஆடுமேய்க்கும் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா தெரியுது?" என்றார் கீழேயிருந்து பத்தர்.

"வெளிய ஒரு சுத்து. உள்ள இன்னொண்ணு."

ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. செஞ்சிக்குத் திரும்புகிற மத்தியான பஸ்.

"போவுது பாரு."

"போவட்டும்," என்றாள். "உள்ளார இன்னும் ஒரு சுத்து இருக்குது. அசையாதீங்க."